அண்ணனின் வடகரை, அக்காவின் நெய்தல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அண்ணன் சொன்னதை அக்காவிடம் சொல்லும்போது வரிசையை மாற்றிவிட்டேன்.

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. அண்ணன் முதலில் சொன்னது, மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது. கடைசியில் சொன்னது, அக்கா அந்த வாரம் விடுப்பு எடுத்து உடன் இருக்க முடியுமா என்பது. நான் அவசரத்தில் கடைசியை முதலில் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு முதலில் காதில் விழுவதுதான் மொத்தத்துக்கும் நிறம் கொடுக்கும். அண்ணன் தன்னை வேலை ஏவுகிறான் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டுச் சரிசெய்ய எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அண்ணனும் அக்காவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இதைப் படிக்கிற யாரும் சண்டை என்று நினைப்பார்கள். சண்டையே இல்லை. அண்ணன் தரணீஷ் வடகரைப் பல்கலைக்கழகத்தில் வார்க்கப்பட்டவன். அக்கா மிருதுளா நெய்தல் பல்கலைக்கழகத்தில். அவ்வளவுதான்.

வார்ப்பு என்பது முதல் பருவத்தில் நடப்பது. தலையில் ஒரு குல்லாவை மாட்டி உட்கார வைப்பார்கள். பாடத்தைப் புகட்டுவதில்லை, யோசிக்கிற முறையை அச்சில் ஊற்றுவதுபோல் ஊற்றுகிறார்கள். அதற்குப் பிறகு மற்ற வருடங்களின் படிப்பெல்லாம் தானாகப் போய் உட்காரும். வடகரையில் வார்க்கப்பட்டவர்கள் எதையும் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையாக அடுக்குவார்கள். நெய்தல்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மொத்தமாகப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் நல்ல வேலை கிடைக்கும். ஆனால் ஒருவர் பேச்சை இன்னொருவரால் சில நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியாது. தலை வலிக்கும், எரிச்சல் வரும், பக்கத்தில் கிரைண்டர் ஓடுவதுபோல் இருக்குமாம். இதற்கு உரசல் என்று ஊரில் பெயர். ஆய்வில் உறுதியாகவில்லை என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் சொல்கின்றன. கல்யாணத் தரகர்கள் மட்டும் முதல் கேள்வியாகவே கேட்கிறார்கள், பையன் எந்த வார்ப்பு என்று.

வார்க்கப்படாதவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் எங்கள் வீட்டில் நான்தான் இடையாள். அம்மா கரூர்–அரவக்குறிச்சி டவுன் பஸ்ஸில் நடத்துநர். அப்பா இல்லை. பிள்ளைகள் பேசுவது அம்மாவுக்குப் பாதிதான் புரியும். இடையாளுக்குப் பதிலாக இயந்திரத்தை வைத்து மாற்றிச் சொல்லச் சொன்னால் சொற்கள் வருகின்றன, சொல்ல வந்தது வருவதில்லை.

நேற்று எனக்குச் சேர்க்கைச் செய்தி வந்தது. புள்ளியியல் பட்டப்படிப்புக்கு வடகரையிலும் இடம், நெய்தலிலும் இடம். பதினேழாம் தேதிக்குள் ஒன்றை உறுதி செய்து மற்றதைத் திருப்பித் தர வேண்டும். வடகரைக்குப் போனால் அக்காவை இழப்பேன். நெய்தலுக்குப் போனால் அண்ணனை. இரண்டையும் விட்டால், போர்வை ஏற்றுமதி கம்பெனியில் நெசவுப் பிழை பார்க்கிற வேலையிலேயே இருக்கலாம். வார்ப்பில்லாத பட்டத்தை யாரும் மதிப்பதில்லை. இரண்டாம் முறை இடம் தருவதும் கிடையாது.

அம்மாவிடம் கேட்டேன்.

"எந்தப் புள்ளைய வுட்டுட்டுப் போறதுன்னு கேக்கற மாதிரி இருக்குது கண்ணு. என்னைக் கேக்காத" என்றாள். பிறகு, "சில்லறை இல்லாதவனக்கூட எறக்கி வுட்டுருவேன், இது என்னால ஆகாது" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

வேலை முடிந்து மாலை வகுப்பு. நகராட்சிப் பள்ளியின் கூடத்தில் நடக்கிற இலவசச் சேர்க்கைப் பயிற்சி. இடம் கிடைத்த பிறகும் முதல் பருவத்துக்குத் தயார்ப்படுத்துகிறார்கள் என்பதால் போய்க்கொண்டிருக்கிறேன். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு திரையில் வருகிற கணக்குகளைச் செய்ய வேண்டும். ஒலிப்பானில் மெல்லிய ரீங்காரம் ஓடும், கவனம் சிதறாமல் இருக்க. நசீமா மட்டும் மாட்டுவதில்லை. அவளுக்குக் காதில் சீழ். டாக்டர் கூடாது என்றிருக்கிறார்.

இடைவேளையில் பூபாலன் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். வார்ப்பு வருவதற்கு முந்தைய காலத்து பி.எஸ்ஸி. அவர். பகலில் ஒரு டுடோரியலில் வேலை, மாலையில் இங்கே.

"ஏனுங்க சார், வார்ப்பைத் திரும்ப எடுக்கவே முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"இட்லிய மறுபடி மாவாக்கித் தா, நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

"அப்ப உரசல் நெசந்தானுங்களா?"

சார் டம்ளரைச் சுற்றினார். "ரெண்டு பேரும் ஒரே கட்டடத்தத்தான் பாக்கறாங்கம்மா. ஒருத்தன் படிப்படியா ஏறிப் பாக்கறான், இன்னொருத்தி ஆகாசத்துல இருந்து பாக்கறா. ஏறிட்டிருக்கறவன்கிட்ட மேல இருந்து ஒருத்தர் கத்தினா அவனுக்கு என்ன ஆகும்? படி தப்பும். எரிச்சல் வரும். வெறுப்புன்னு சொல்ல முடியாது. ஆனா வெறுப்பு மாதிரிதான் போய் முடியுது."

"அப்பறம் எதுக்குங்க சார் ரெண்டு விதமா வார்க்கோணும்? ஒரே மாதிரி வார்த்துட்டாப் பரவால்லீல்ல?" என்றாள் நசீமா.

"ஒரே மாதிரி இருந்தா எங்ககிட்ட வான்னு யாரு விளம்பரம் பண்ணுவா?"

நசீமாவுக்கு இரண்டிலும் காத்திருப்போர் பட்டியல். "எனக்கு ரெண்டும் கெடைக்கல, அதனால நான் தூங்கறேன். உனக்கு ரெண்டும் கெடைச்சிருக்கு, நீ முழிச்சிட்டிரு" என்று என் முதுகில் தட்டினாள்.

ஜூன் 7, சனி

காலையில் அண்ணன் பேசினான்.

"வாணி, மூணு விஷயம். முதல்ல, வடகரைல புள்ளியியலுக்கு ஆய்வகம் பெருசு. ரெண்டாவது, நான் இங்க வேலைல இருக்கறதால நீ தனியா இருக்க மாட்ட. மூணாவதுதான் முக்கியம். நாம ரெண்டு பேரும் முழுசாப் பேசிக்கலாம். இப்ப நான் பேசறதுல உனக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னே எனக்குத் தெரியல."

"அக்கா?"

"அதை யோசிக்காமலா இருப்பேன்? மிருதுளாவுக்கு அவ அலுவலகத்துல இடையாள் இருக்காங்க. அம்மாவுக்கு நான் இருக்கேன். உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? நான் பாரு, அந்த வயசுல யாரையும் கேக்கல. நானே உக்காந்து யோசிச்சு எடுத்த முடிவு."

அவன் சொன்னது எல்லாம் நியாயமாக இருந்தது. அவன் சொல்வது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

மாலையில் அக்கா, அவள் வேலை பார்க்கிற நெய்தல் வளாகத்திலிருந்து. அக்கா பேசுவதை எழுதுவது கடினம். இருந்தாலும் முயல்கிறேன்.

"வாணிக்குட்டி, இங்க மழை. கேண்டீன்ல தோசை கருகிட்டிருக்கு, யாரும் பாக்கல. எல்லாரும் ஜன்னல்ல நிக்கறாங்க. அந்தப் பேராசிரியர் கொடைய வெச்சுட்டு நனைஞ்சுட்டே போறாரு. நீ சின்னதுல சோப்புக் குமிழிய உள்ளங்கைல வெச்சுப் பாப்பியே. அதேதான்."

போன மாதம் என்றால் இதைக் கேட்டவுடன் விளங்கியிருக்கும். பயத்தினால் முடிவெடுக்காதே, உனக்குப் பிடித்ததை வேடிக்கை பார்க்கிற மாதிரி பார், இங்கே அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று சொல்கிறாள். இன்று அந்த அர்த்தத்துக்கு வந்து சேர எனக்கு நேரம் பிடித்தது. பின்னந்தலையில் வலி. கம்பெனியில் இந்த வாரம் வெயிலும் புழுக்கமும் அதிகம், அதனால் இருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

இன்று பஸ் நிலையத்தில் அம்மாவின் வண்டி வரும்வரை உட்கார்ந்து, இரண்டு பல்கலைக்கழகங்களையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். முதலில் பாடத்திட்டம், அடுத்து விடுதி, அடுத்து வேலைவாய்ப்பு, கடைசியில் வீடு. ஒவ்வொன்றையும் சிறு துண்டுகளாகப் பிரித்தேன். வடகரை தெளிவாக முன்னால் வந்தது. பெரிய நிம்மதி. இவ்வளவு சுலபமான கணக்கை இத்தனை நாள் ஏன் போடாமல் இருந்தேன் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பிறகு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்த முடிவையும் எடுத்ததில்லை. செருப்பு வாங்கினாலே இரண்டு நாள் யோசிக்கிறவள் நான்.

வகுப்பில் நசீமாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"உனக்கு என்னடி ஆச்சு? ரெண்டு வாரமா நீ ஒரு மாதிரிதான் பேசற. டீ குடிக்கலாமான்னு கேட்டாக்கூட, முதல்ல கை கழுவணும், அடுத்து சில்லறை பாக்கணும்ங்கற. கலெக்டர் ஆபீஸ் மாதிரி."

"நான் எப்பவும் ஒழுங்காப் பண்றவதானே?"

"ஒழுங்கு வேற. முன்னெல்லாம் நடுவுல எங்கயாச்சும் போயிட்டு வருவ. போர்வைல பிழை பாத்த கதைய ஆரம்பிச்சு உங்க மேஸ்திரியோட மூக்குல முடிப்ப. இப்ப அதெல்லாம் காணோம்."

அக்கா அனுப்பியிருந்த குரல்பதிவை இருவரும் சேர்ந்து கேட்டோம். நான் கேட்க வைத்தேன், ஒரு சோதனையாக. நசீமா நடுவிலேயே சிரித்துவிட்டாள். கேட்டு முடித்ததும், "பாவம், உங்கக்காவுக்கு உன்னப் பாக்கணும் போல இருக்கு. நேர்ல சொல்ல வெக்கப்படறாங்க" என்றாள்.

எனக்கு அதில் கேட்டது ஒரு மீன்கொத்தி, ஒரு பூட்டு, யாரோ கைவிட்ட சைக்கிள். தனித்தனியாக. முடிவதற்குள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நசீமா என் முகத்தைப் பார்த்தாள். நான் மேஜைமேல் கிடந்த என் ஒலிப்பானைப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பூபாலன் சாரை வகுப்புக்கு முன்னாலேயே பிடித்தேன். கூடத்தில் அவர் மட்டும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இந்த ஒலிப்பானெல்லாம் யாருங்க கொடுத்தது?"

"ஏம்மா?"

"வடகரைங்களா?"

அவர் நாற்காலியை விட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். "ஒரு அறக்கட்டளை மூலமா. ஆமா, அவங்கதான்."

"அதுல ஓடறது வெறும் ரீங்காரம் இல்லீங்களா?"

"சுவத்துக்குப் பெயிண்டு அடிக்கறதுக்கு முன்னாடி வெள்ளையடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. முன்வார்ப்புன்னு பேரு. அங்க போய்க் குல்லா மாட்டும்போது நல்லாப் பிடிக்கும். லேசானதுதாம்மா."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே சார்."

"சொன்னாங்களே. சேந்த அன்னைக்கு ஒரு படம் ஓட்டினாங்க. கடைசில ஒருத்தர் மூச்சு விடாம வேகமாப் படிச்சாரு. நீங்கள்லாம் பன்னு சாப்பிட எந்திரிச்சுட்டீங்க."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அடுத்த கேள்வி என்ன, அதற்கு அடுத்தது என்ன என்றுதான் மனம் போயிற்று. அதுவே பயமாக இருந்தது.

"நிறுத்திட்டா போயிருமா?"

"நாலஞ்சு மாசத்துல மங்கிரும்."

"எனக்கு அடுத்த வாரம் கடைசி நாள். இப்பவே நெய்தலுக்குப் போனா?"

"வெள்ளையடிச்ச சுவத்து மேல வேற ரகப் பெயிண்டு. புடிக்கும், ஆனா சங்கடப்படுத்திப் புடிக்கும். முதப் பருவம் பூரா வாந்தி, தலைவலி. சிலருக்குக் கொஞ்ச நாள் பேச்சே தடுமாறும். சில பேரு பாதில திரும்பி வந்திருக்காங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"இதத் தெரிஞ்சுதான் இங்க வேலை பாக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இந்த வகுப்பு இல்லீன்னா உங்கள்ல பாதிப் பேருக்கு எங்கயுமே இடம் கெடைக்காது. அதுவும் நெசந்தானேம்மா. நெய்தலும் இதத்தான் பண்ணுது. ஞாயித்துக்கெழம மில் கூடத்துல இலவச வகுப்பு நடந்துதே, உங்கக்கா அங்கதானே போச்சு? அதுல பாட்டு மாதிரி ஒண்ணு ஓடும்."

"எங்கண்ணன்?"

"தரணீஷா? இங்கதான். ரெண்டாவது பேட்ச். ஒரு நாளும் லீவு போட மாட்டான்."

யாரையும் கேட்காமல் தானே உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அதை நினைத்துக்கொண்டே வகுப்புக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன். வாசலில் மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நசீமாவிடம் சொன்னேன். அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சீழ் வந்ததுக்கு அல்லாவுக்கு நன்றி சொல்றவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள். பிறகு உள்ளே போய் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பேர் ஒலிப்பானைக் கழற்றினார்களாம். மற்றவர்கள், வடகரைக்குத்தானே போகப்போகிறோம், நல்லதுதானே என்றார்களாம்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். அறுவை சிகிச்சையை எங்கே வைத்துக்கொள்வது, யார் கூட இருப்பது என்று முடிவு செய்ய.

அம்மா அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள். வழக்கம்போல் நான் நடுவில் உட்கார்ந்தேன். அண்ணன் தன் பேச்சை முடித்தான்: கோயமுத்தூர் மருத்துவமனை, அதற்கான காரணங்கள், வரிசையாக. அக்காவுக்கு அதை மாற்றிச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, நான் எதையும் மாற்றவில்லை. அதே வரிசையில் ஒப்பித்தேன். அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பொறுத்துக் கேட்டாள். பிறகு அவள் பேசினாள். ஆஸ்பத்திரி ஜன்னல், அம்மாவின் பஸ் விசில், கோயமுத்தூர் பாலம், பக்கத்து வீட்டு டீச்சர், ஒரு பூனை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேல சொல்லு கண்ணு" என்றாள் அம்மா.

"பூனை" என்றேன். "பாலம்…" அதற்கு மேல் வரவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது.

அக்கா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். என் கண்ணையே பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மொத்தமாகப் பார்க்கிறவள். கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"என்னடி, என்னாச்சு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முன்வார்ப்பைப் பற்றிச் சொன்னேன். எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். அண்ணன் அதே கூடத்தில் உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் பாயில் அழுத்தி ஊன்றினாள். செங்குத்தான மேட்டில் பின்னால் உருளும் வண்டியை நிறுத்திப் பிடிக்கிற மாதிரி அவள் முகம் இறுகிற்று.

"ஒண்ணு" என்றாள். நிறுத்தினாள். "கோயமுத்தூர்… வேண்டாம்."

அண்ணன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"ரெண்டு. அம்மா… தெரிஞ்ச எடத்துல… கண்ணு தொறக்கோணும்." மேலுதட்டில் வியர்வை பூத்துவிட்டது. "மூணு. நான் லீவு போடறேன். கூட இருக்கேன்."

அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தான். "புரியுது" என்றான். அவளைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல. அவள் கல்லூரிக்குப் போன நாள் முதல் அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. "எல்லாமே புரியுது மிருதுளா. நீ சொல்றது செரிதான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. முடியாது என்று நாங்களாக முடிவுகட்டி வைத்திருந்தது முடிகிறதுதான். யாராவது ஒருவர் அந்த வலியை எடுத்துக்கொண்டால் முடிகிறது. இத்தனை வருடம் நான் நடுவில் இருந்ததால் இருவருமே முயன்று பார்க்கவில்லை.

"நீயும் அவளாட்டம் கொஞ்சம் பேசிப் பாரேன்டா" என்றாள் அம்மா.

அண்ணன் அக்காவை நோக்கி வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி கையை விரித்தான். பிறகு கையைக் கீழே போட்டான்.

"அது எனக்கு வராதும்மா. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல." பிறகு அவன் முகம் மலர்ந்தது. "ஆனா இனி என்ன பிரச்சினை? மிருதுளாதான் நம்ம மாதிரி பேசிட்டாளே. வாணி வடகரைக்கே வரட்டும். முன்வார்ப்பும் ஏற்கெனவே ஆயிருச்சு. யாரும் யாரையும் இழக்க வேண்டியதில்ல. கணக்கு முடிஞ்சுது."

அவன் நல்லவன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எனக்குக் கை கொடுத்தான். அதே நேரத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது என் காதில் ஏதோ சொன்னாள், தன் பாணியிலேயே. எனக்குப் புரியவில்லை. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "தண்ணி லாரி எந்த முக்குல நின்னாலும் சத்தம் கேக்குமில்ல, கொடம் ஒடுங்குனா ஒடுங்கட்டும், வெயிலு ஒண்ணும் பண்ணாது, நீ முன்னாடி ஓடு."

ஜூன் 16, திங்கள்

காலையில் வேலைக்குப் போகும் வழியில் நசீமா வீட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன்.

"இதுகூடவா புரியல?" என்றாள் முதலில். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ எங்க போனாலும் நான் வந்து சேந்துருவேன், எனக்கு ஆகறது ஆகட்டும்ங்கறாங்க. வடகரைக்கே போடீன்னு சொல்லிட்டாங்க."

நாள் முழுவதும் போர்வைகளைப் பார்த்துக்கொண்டே இதை யோசித்தேன். மாலை வகுப்புக்குப் போகவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வடகரைக்குப் போனால் அண்ணனோடு முழுசாகப் பேசலாம். அக்காவும் வருவாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு. இருவருமே எனக்கு மிஞ்சுவார்கள். நெய்தலுக்குப் போனால் முதல் பருவம் உடம்பு படுத்தும், பாதியில் திரும்பி வந்தாலும் வரலாம். அக்கா கிடைப்பாள். அண்ணன் என் பக்கம் வரவேண்டும்; நேற்று அவன் கையைக் கீழே போட்டுவிட்டான். கணக்குப்படி வடகரைதான். பலமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கேயும் பிழை இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கணக்கில் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு முறை பேசும்போதும் அக்கா கொல்லைப்பக்கம் போவாள். முயற்சி செய்தது அவள் ஒருத்தி. அதற்காகவே இனி எல்லாம் அவள் தலையில் விழும். அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது. வார்த்த பிறகு எனக்கும் தெரியாமல் போகலாம். இன்று தெரிகிறது. எத்தனை நாளைக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

இதற்கு மேல் வீட்டுக்கு வந்து எழுதியது. அம்மாவின் வண்டி வந்தது. டிரைவர் டீ குடிக்கப் போனார். காலி பஸ்ஸில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நெய்தலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

அம்மா டிக்கெட் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் வருவானா கண்ணு? உன்னைத் தேடி?"

"தெரியலம்மா."

"வரலீன்னா?"

"அப்ப அண்ணன் இல்ல."

"இது உன்ற முடிவா, இல்ல அந்த மிஷின் மேல இருக்கற கோவமா?"

உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதும்மா. எது என் விருப்பம்னே இப்பக் கண்டுபுடிக்க முடியல. அக்கா வாந்தி எடுத்தது மட்டுந்தான் நல்லாத் தெரியுது."

அம்மா டிக்கெட் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டாள். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் எழுந்து முடியைச் சரிசெய்துகொண்டாள். "அவன நான் ரெண்டு போடு போடறேன். அதுக்கு எந்த வார்ப்பும் வேண்டியதில்ல" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. பிறகு விசிலை ஊதினாள்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அண்ணனும் அந்தக் கூடத்திலிருந்து போனவன்தான் என்று நான் அவனிடம் சொல்லியாக வேண்டும். அவன் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றான்; அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அவன் என்னை மன்னிக்காமல் போகலாம். நான் பேசினால் அவனுக்குப் புரிகிற கடைசி வாரங்கள் இவை.

நாளை: காலை அம்மாவின் முதல் நடை பஸ்ஸில் கிளம்ப வேண்டும். கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். அண்ணனைப் போனில் கூப்பிட்டு நேராகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு கலந்தாய்வு மையத்துக்குப் போய் வடகரை இடத்தைத் திருப்பித் தந்துவிட்டு, நெய்தலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.